மாமாவின் தலையில் கட்டிய கணக்கு: எட்டு வருடக் கட்டணம் திரும்பி வந்த விதம்

"நான் இதைப் பயன்படுத்தவே இல்லை, காசைத் திருப்பித் தாருங்கள்" என்று எழுதும் புகார்கள் பெரும்பாலும் தோற்றுப்போகின்றன. பிரிட்டனில் பாக்கேஜ் வங்கிக் கணக்குகள் பற்றி நிதி ஒம்புட்ஸ்மனிடம் (வாடிக்கையாளருக்கும் நிதி நிறுவனங்களுக்கும் இடையிலான தகராறைத் தீர்க்கும் அமைப்பு) போன புகார்கள் 2015-16 நிதியாண்டில் மட்டும் 44,000ஐத் தாண்டின. அவற்றில் பெரும்பகுதி வாடிக்கையாளருக்குச் சாதகமாக முடியவில்லை. கிழக்கு லண்டனில் இருக்கும் என் மாமாவின் புகார் வென்றது. அவரும் முதலில் சொன்னது அந்த வாசகத்தைத்தான். அதை விட்டுவிட்டு வேறு இடத்தில் பிடித்ததால்தான் காசு வந்தது.

பாக்கேஜ் கணக்கு என்பது மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு நடப்புக் கணக்கோடு சில இன்சூரன்ஸ்களையும் சேர்த்துக் கொடுப்பது. வழக்கமாக மூன்று இருக்கும்: பயண இன்சூரன்ஸ், கைபேசி இன்சூரன்ஸ், கார் நடுவழியில் நின்றால் ஆள் அனுப்பும் பிரேக்டவுன் கவர். கூடவே கொஞ்சம் வட்டியில்லா ஓவர்டிராஃப்ட், அதாவது கணக்கில் காசு தீர்ந்த பிறகும் எடுக்க விடும் கடன். 1984இல் மிட்லண்ட் வங்கி, கணக்கில் காசு இருக்கும்வரை கட்டணமே இல்லை என்று அறிவித்தது. மற்ற வங்கிகளும் பின்னாலேயே வர, சாதாரண நடப்புக் கணக்கிலிருந்து நேரடி வருமானம் வற்றிப்போனது. அப்புறம் மாதம் பத்துப் பதினைந்து பவுண்டு தானாக வரும் கணக்கென்றால் வங்கிக்குக் கசக்குமா? ஒரு கட்டத்தில் நாட்டில் வயதுவந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவரிடம் இப்படி ஒரு கணக்கு இருந்தது.

இது எல்லாருக்கும் மோசமான பேரம் அல்ல. கார் வைத்திருந்து, பிள்ளைகளோடு வருடத்தில் இரண்டு தடவை வெளிநாடு போய், விலையுயர்ந்த ஃபோனும் வைத்திருக்கும் நாற்பது வயதுக்காரருக்கு மூன்றையும் தனித்தனியே வாங்குவதைவிட இது மலிவு. மாமா அந்த ஆள் இல்லை.

மாமா எப்படிப்பட்டவர்

மாமா பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்து, 65 வயதில் ஓய்வு பெற்றவர். 2005இல் பைபாஸ் அறுவைச் சிகிச்சை நடந்தது. வாழ்நாளில் கார் ஓட்டியதில்லை, லைசென்ஸே எடுத்ததில்லை. கையில் இருந்தது காசு போட்டுப் பேசும் பழைய நோக்கியா. அது தொலைந்து இன்சூரன்ஸில் கேட்டிருந்தால், முதலில் தன் கையிலிருந்து கட்டவேண்டிய எக்ஸஸ் தொகைக்கே வேறொரு ஃபோன் வாங்கியிருக்கலாம்.

2008 இலையுதிர்காலத்தில் ஒரு காசோலையைப் போட வங்கிக் கிளைக்குப் போனார். கவுன்டரில் இருந்தவர், "உங்கள் கணக்கை ஒருமுறை பார்த்துவிடலாமே" என்று உள்ளே கண்ணாடி அறைக்கு அனுப்பினார். அங்கே இருபது நிமிடம். வெளியே வரும்போது புதுக் கணக்கு, புது அட்டை, ஒரு தடித்த கையேடு. அந்த இருபது நிமிடத்தைப் பற்றி நான் கேட்டபோது மாமா சொன்னது:

"நல்ல மரியாதையாக் கதைச்ச பிள்ளை, தம்பி. ஊருக்குப் போறனீங்களோ எண்டு கேட்டவ. இந்தியாவுக்குப் போறனான் எண்டன். அப்ப உங்களுக்கு இதுதான் சரியான கணக்கு எண்டு சொல்லிக் கையெழுத்து வாங்கினவ. வேண்டாம் எண்டு முகத்துக்கு நேர எப்பிடிச் சொல்லுறது?"

அப்போது இலங்கையில் யுத்தம். ஊருக்குப் போக முடியாதவர் சென்னைக்குப் போய் சொந்தங்களைப் பார்த்து, கோயில்களுக்குப் போய் வருவார். அந்தப் பெண் கேட்ட ஒரே கேள்வி பயணம் பற்றியது. நெஞ்சைப் பற்றிக் கேட்கவில்லை. கார் இருக்கிறதா என்றும் கேட்கவில்லை. இலவசக் கணக்கிலேயே இருந்துவிடலாம் என்று சொன்னதாகவும் அவருக்கு நினைவில்லை.

மாதம் 10 பவுண்டு போகத் தொடங்கியது. 2012 நவம்பரில் அது 13 ஆனது. வேடிக்கை என்னவென்றால், அந்த வருடம்தான் மாமாவுக்கு 70 வயது முடிந்தது. அவருடைய பாலிசியில் பயண இன்சூரன்ஸுக்கு வயது எல்லையும் 70தான். கவர் போனது, கட்டணம் ஏறியது. ஒரே வருடத்தில் இரண்டும்.

முப்பது சதவீதக்காரர்

2016இல் மாமாவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. "உங்களிடம் பாக்கேஜ் கணக்கு இருக்கிறதா? ஆயிரக்கணக்கில் வாங்கித் தருகிறோம்" என்று ஒரு கிளெய்ம்ஸ் நிறுவனம். வென்றால் 30 சதவீதம், அதற்கு மேல் வாட் வரி. அதாவது மொத்தம் 36 சதவீதம். மாமா கையெழுத்துப் போடும் தறுவாயில் அந்தப் படிவத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்.

படிவத்தோடு புகார் கடிதமும் தயாராக இருந்தது. வீட்டுக்கடன் வேண்டுமென்றால் இந்தக் கணக்கு கட்டாயம் என்று வங்கி சொன்னதாக அதில் ஒரு வரி. மாமா வீட்டுக்கடன் கேட்டதே இல்லை. உள்ளூராட்சி வாடகைக்கு விடும் கவுன்சில் வீட்டில் குடியிருப்பவர். இன்னொரு வரி, அவர் அனுமதி இல்லாமலே கணக்கு மாற்றப்பட்டதாகச் சொன்னது. கையெழுத்தோ அவருடையது, வங்கியிடம் இருக்கிறது. ஆயிரம் பேருக்கு ஒரே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினால் இப்படித்தான் இருக்கும். அப்படி ஒரு கடிதத்தை அனுப்பியிருந்தால் வங்கி முதல் பக்கத்திலேயே இரண்டு பொய்யைக் காட்டியிருக்கும். அதற்குப் பிறகு மாமா சொல்லும் உண்மையை யார் கேட்பார்கள்?

ஒம்புட்ஸ்மன் சேவை வாடிக்கையாளருக்கு முற்றிலும் இலவசம். ஒரு கடிதம் எழுதத் தெரிந்த மருமகன் போதும். படிவத்தைத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

கோப்பைக் கேட்டது

2016 அக்டோபரில் கட்டணக் கணக்கை இலவசக் கணக்காக மாற்றினோம். பத்து நிமிட வேலை. நவம்பரில் வங்கிக்கு இரண்டு கடிதம் போனது. ஒன்று புகார். மற்றது, என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் எல்லாப் பதிவுகளின் பிரதியும் வேண்டும் என்று 1998ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கேட்ட கடிதம். அந்தக் காலத்தில் அதற்கு 10 பவுண்டு கட்டணம், பதில் தர 40 நாள் அவகாசம்.

என் பார்வையில் இந்தப் பத்துப் பவுண்டுதான் வழக்கை வென்றது.

வந்த காகிதக் கட்டில் பெரும்பாலும் குப்பை: பரிவர்த்தனைப் பட்டியல்கள், முகவரி மாற்றம், அட்டை அனுப்பிய தேதிகள். அதற்கு நடுவில் 2008இல் அந்தக் கண்ணாடி அறையில் கணினியில் நிரப்பி அச்செடுத்த ஒரு பக்கம். மேலே மாமாவின் பெயர். கீழே "உங்கள் தேவைகள்" என்று ஒரு பகுதி. வெளிநாட்டுப் பயணம்: ஆம். கைபேசி: ஆம். வாகனம்: ஆம். உடல்நிலை என்ற இடம் வெறுமையாக இருந்தது. அதற்குக் கீழே, மேற்சொன்ன தேவைகளை வைத்துப் பார்க்கையில் இந்தக் கணக்கை உங்களுக்குப் பரிந்துரைக்கிறோம் என்ற பொருளில் அச்சடித்த ஒரு வாக்கியம். அடியில் மாமாவின் கையெழுத்து, அவர் எப்போதும் போடுவது போலத் தமிழில்.

இந்த ஒரு பக்கம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? 2005 ஜனவரியிலிருந்து பொது இன்சூரன்ஸ் விற்பனை அன்றைய நிதிச் சேவைகள் ஆணையத்தின் விதிகளுக்குள் வந்துவிட்டது. பாக்கேஜ் கணக்கில் இருப்பதும் இன்சூரன்ஸ்தானே. விற்பதில் இரண்டு வகை உண்டு. தகவலை மட்டும் கொடுத்து, முடிவை வாடிக்கையாளரிடம் விடுவது ஒன்று. அதில் வங்கி தகவலைத் தெளிவாகச் சொன்னாலே போதும். "இது உங்களுக்கு ஏற்றது" என்று ஆலோசனை சொல்லி விற்பது மற்றது; அதில் அந்த ஆலோசனை இவருக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் பொறுப்பும் வங்கியின் தலையில் விழுகிறது. விற்பனை எந்த வகை என்பதில்தான் இந்த வழக்குகள் திரும்புகின்றன. எட்டு வருடம் பயன்படுத்தினாரா இல்லையா என்பது இந்தக் கேள்விக்கு அப்பாற்பட்டது. தீ இன்சூரன்ஸ் எடுத்த வீட்டில் தீப்பிடிக்கவில்லை என்று பிரீமியத்தைத் திருப்பிக் கேட்பாரா யாராவது?

அந்த ஊழியரை நான் வில்லியாகப் பார்க்கவில்லை. அன்றைக்குக் கிளை ஊழியர்களுக்கு விற்பனை இலக்கும் ஊக்கத்தொகையும் எவ்வளவு அழுத்தமாக இருந்தன என்பது பின்னால் பொதுவெளிக்கு வந்தது. 2013 டிசம்பரில் லாயிட்ஸ் குழுமத்துக்கு இந்த ஊக்கத்தொகை முறைக்காக 28 மில்லியன் பவுண்டு அபராதம் விதித்தார்கள். பதவி இறங்காமல் தப்பிக்க ஒரு ஊழியர் தனக்கும் தன் மனைவிக்கும் சக ஊழியர் ஒருவருக்குமே பாலிசி விற்றாராம். அது வேறு இன்சூரன்ஸ், முதலீட்டுப் பொருட்கள் பற்றிய வழக்கு. மாமாவின் வங்கி எது என்பதற்கும் அதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். அந்தக் காலத்துக் காற்று எப்படி அடித்தது என்று காட்டத்தான் சொன்னேன்.

வங்கி சொன்ன நான்கு பதில்கள்

புகார் கிடைத்த நாளிலிருந்து வங்கிக்கு எட்டு வார அவகாசம். 2017 ஜனவரியில் இறுதிப் பதில் வந்தது: நிராகரிப்பு. அதில் நான்கு காரணங்கள்.

கையெழுத்து இருக்கிறது, கையேடும் கொடுத்தோம் என்பது முதலாவது. இது எல்லாருக்கும் வரும் பதில். பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வட்டியில்லா ஓவர்டிராஃப்ட் என்ற பலனை அவர் அனுபவித்தார் என்பது இரண்டாவது. வங்கியே அனுப்பிய பரிவர்த்தனைப் பட்டியலில் மாமாவின் கணக்கு ஒரு நாள்கூட மைனஸில் போகவில்லை. கடன் என்றாலே பயந்து நடுங்கும் தலைமுறை அது.

மூன்றாவது கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. மாமா ஒவ்வொரு தடவையும் டிக்கெட் எடுத்த ஏஜென்டிடமே தனியாகப் பயண இன்சூரன்ஸும் வாங்கியிருந்தார். பைபாஸ் விஷயத்தைச் சொல்லி, அதற்குக் கூடுதல் காசும் கட்டியிருந்தார். ரசீதுகளை நாங்கள்தான் புகாரோடு அனுப்பினோம். வங்கி அதையே எடுத்துத் திருப்பியது: "பார்த்தீர்களா, எங்கள் கவர் தனக்குப் பொருந்தாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் கணக்கைத் தொடர்ந்திருக்கிறார்." ஆனால் நடந்தது வேறு. வங்கிக் கணக்கோடு பயண இன்சூரன்ஸ் இருக்கிறது என்பதே மாமாவின் மனதில் நிற்கவில்லை. ஏஜென்ட் கேட்டார், இவர் எடுத்தார். ஒரே விஷயத்துக்கு இரண்டு இடத்தில் காசு கட்டினார்.

நான்காவதுதான் உண்மையில் ஆபத்தானது: காலக்கெடு. ஒம்புட்ஸ்மன் விதிப்படி, சம்பவம் நடந்து ஆறு வருடத்துக்குள் புகார் செய்ய வேண்டும். அது தாண்டியிருந்தால், புகார் செய்யக் காரணம் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து, அல்லது நியாயமாகத் தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து மூன்று வருடம். இரண்டில் எது பிந்தியதோ அது. விற்பனை 2008, புகார் 2016; ஆறு வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது அந்த மூன்று வருடம் மட்டும்.

2013 மார்ச் 31 முதல் புது விதி. பாக்கேஜ் கணக்கை விற்கும்போது, அதிலுள்ள ஒவ்வொரு இன்சூரன்ஸிலும் வாடிக்கையாளர் கோரிக்கை வைக்கத் தகுதியானவரா என்று வங்கி சரிபார்க்க வேண்டும். ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர்களுக்கு, உங்கள் தகுதியை மறுபடி பாருங்கள் என்று வருடா வருடம் நினைவூட்டுக் கடிதமும் அனுப்ப வேண்டும். அந்தக் கடிதம் கிடைத்த அன்றே மாமாவுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும், ஆகவே மூன்று வருடமும் முடிந்துவிட்டது என்பது வங்கியின் வாதம்.

மாமி எதையும் தூக்கி எறிவதில்லை. வங்கியிலிருந்து வந்த எல்லாக் காகிதமும் அலுமாரியின் அடித்தட்டில், பிரித்தது பிரிக்காதது எல்லாமாக, உறையோடு கிடந்தன. மாமாவுக்கு வந்த முதல் நினைவூட்டுக் கடிதத்தின் தேதி 2014 பிப்ரவரி. அதிலிருந்து மூன்று வருடம் எண்ணினால் 2017 பிப்ரவரி. எங்கள் புகாரை வங்கி பெற்றுக்கொண்டதாக அனுப்பிய ஒப்புகைக் கடிதம் 2016 நவம்பர் தேதியிட்டது. கெடுவுக்குள் வங்கியிடம் புகார் செய்து, அதற்குப் பதிவு இருந்தால் போதும். ஒம்புட்ஸ்மனிடம் போன தேதி பின்னால் இருந்தாலும் பரவாயில்லை. ஆகவே ஒப்புகைக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். ஃபோனில் மட்டும் புகார் சொல்லியிருந்தால் அந்தத் தேதியை நிரூபிக்க நாங்கள் அல்லாடியிருப்போம்.

ஒம்புட்ஸ்மனிடம்

இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். நாங்கள் பிப்ரவரியில் போனோம். ரசீதுகள், இதய சிகிச்சை நடந்ததாக மருத்துவமனை தந்த கடிதம், அந்த ஒரு பக்கம். கடிதத்தில் "ஏமாற்றினார்கள்" என்ற குற்றச்சாட்டை வைக்கவே இல்லை. அன்றைக்கு என்ன கேட்டார்கள், என்ன கேட்கவில்லை, அவர்களுடைய காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, அதில் எது நிஜம் இல்லை என்று மட்டும் எழுதினோம். மாமாவுக்கு நினைவில்லாத இடத்தில் நினைவில்லை என்றே எழுதினோம்.

விசாரணை அலுவலர் மாமாவோடு ஃபோனில் பேசினார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டோம், ஏற்பாடு செய்தார்கள். எட்டு வருடத்துக்கு முந்தைய பேச்சுக்கு ஒலிப்பதிவா இருக்கப்போகிறது? இரு பக்கத்துக் கதையில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்துத்தான் அவர்கள் முடிவெடுப்பார்கள்.

ஆகஸ்டில் வந்த கருத்து மாமாவுக்குச் சாதகம். வங்கி பரிந்துரைத்து விற்றிருக்கிறது. அந்தப் பரிந்துரை இல்லாத காரை வைத்துச் செய்யப்பட்டது. ஓய்வுபெற்ற 66 வயதுக்காரரிடம் உடல்நிலையைக் கேட்டதற்கு அடையாளமே இல்லை. கார் கவரும் வேண்டாம், பயணக் கவரும் அவருடைய நெஞ்சுக்குப் பொருந்தாது என்றால், ஃபோன் இன்சூரன்ஸுக்காக ஒருவர் மாதம் பத்துப் பவுண்டு கட்டுவாரா? ஏஜென்டிடம் வாங்கிய பாலிசிகள், அவர் வங்கிக் கவரை நம்பியிருக்கவில்லை என்பதையே காட்டுகின்றன என்று அலுவலர் எழுதியிருந்தார். வங்கி செப்டம்பரில் ஏற்றுக்கொண்டது. ஏற்காமல் இருந்திருந்தால் அடுத்த படி ஒம்புட்ஸ்மனின் இறுதித் தீர்ப்பு. அதை வாடிக்கையாளர் ஏற்றால் வங்கியைக் கட்டுப்படுத்தும். ஏற்காவிட்டால் நீதிமன்ற வழி அவருக்குத் திறந்தே இருக்கும்.

வந்த காசு

2008 நவம்பர் முதல் 2012 அக்டோபர் வரை 48 மாதம், மாதம் 10 பவுண்டு: 480. அதிலிருந்து 2016 அக்டோபர் வரை இன்னும் 48 மாதம், 13 பவுண்டு வீதம்: 624. ஆக 1,104 பவுண்டு. ஒவ்வொரு கட்டணமும் போன தேதியிலிருந்து காசு திரும்பும் நாள்வரை, அப்போதைய வழக்கப்படி வருடத்துக்கு 8 சதவீதத் தனி வட்டி. 2017 அக்டோபரில் அது கிட்டத்தட்ட 415 பவுண்டு. வட்டியில் 20 சதவீதம், அதாவது 83 பவுண்டை, வங்கி வருமான வரியாகப் பிடித்துக்கொண்டு, மொத்தம் 1,436 பவுண்டு கணக்கில் போட்டது. மன உளைச்சலுக்கென்று தனியாக எதுவும் இல்லை. கிளெய்ம்ஸ் நிறுவனத்திடம் போயிருந்தால் இதில் 517 பவுண்டு அவர்களுக்குப் போயிருக்கும்.

பிடித்த வரியையும் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். 2016 ஏப்ரலிலிருந்து அடிப்படை வரி செலுத்துபவருக்கு வருடத்தில் முதல் 1,000 பவுண்டு வட்டிக்கு வரி கிடையாது. மாமாவின் வருடாந்தர வட்டியெல்லாம் சேர்த்தாலும் அந்த வரம்பின் பக்கத்தில்கூட வராது. ஆர்40 என்ற படிவத்தை நிரப்பி வருமானவரித் துறைக்கு அனுப்பினோம், 83 பவுண்டும் வந்தது.

இந்தச் செய்தி பரவி, மாமாவின் நண்பர் ஒருவரும் அதே வங்கியில், அதே கணக்குக்குப் புகார் செய்தார். அவருக்கு நாற்பத்தைந்து வயது, டெலிவரி வேன் ஓட்டுகிறார். வேன் ஒரு தடவை நெடுஞ்சாலையில் நின்றபோது பிரேக்டவுன் கவரில் ஆள் வந்து இழுத்துப் போயிருக்கிறது. மகளின் ஃபோன் உடைந்தபோது இன்சூரன்ஸில் மாற்றியும் வாங்கியிருக்கிறார். கணக்கையும் கிளைக்குப் போய்க் கேட்டுத்தான் எடுத்திருக்கிறார். அவருடைய புகாரை வங்கியும் நிராகரித்தது, ஒம்புட்ஸ்மனும் நிராகரித்தார். மாமாவுக்குக் கொடுத்தார்களே என்று அவருக்கு இன்னும் கோபம். எனக்கென்னவோ அந்த முடிவு சரி என்றுதான் தோன்றுகிறது.

இன்னொன்றையும் எங்கள் ஆட்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள்: "அதுதான் 2019 ஆகஸ்டோடு முடிஞ்சுதே?" 2019 ஆகஸ்ட் 29 என்பது கடன்களோடு சேர்த்து விற்ற பிபிஐ இன்சூரன்ஸ் புகார்களுக்கு வைத்த கடைசி நாள். பாக்கேஜ் கணக்குகளுக்கு அது பொருந்தாது. அவற்றுக்கு மேலே சொன்ன ஆறு வருடம், மூன்று வருடக் கணக்குதான். வருடாந்தர நினைவூட்டுக் கடிதங்கள் பல வருடமாக வந்துகொண்டிருப்பவர்களுக்கு அந்த மூன்று வருடத்தைத் தாண்டுவது இன்று கடினம். ஆனால் கோப்பைக் கேட்டுப் பார்ப்பதற்கு இப்போது பத்துப் பவுண்டும் வேண்டாம். 2018 மே 25 முதல் அது இலவசம், அவகாசமும் ஒரு மாதமாகக் குறைந்துவிட்டது.